வேடியப்பன் கோயில் நடுகல்: முப்பரிமாணப் பதிவில் எழுத்து மழுங்குகிறது

கல்தேடி (பென்னாகரம்):
எங்கள் ஊர் வேடியப்பன் கோயிலில் மூன்று நடுகற்கள், ஒன்றில் வட்டெழுத்து (பழைய தமிழ் எழுத்து வகை). போனில் 40 படம் எடுத்து, படங்களிலிருந்து முப்பரிமாண மாதிரி செய்யும் மெஷ்ரூம் மென்பொருளில் ஓட்டினேன். வீரன் உருவம் நன்றாக வருகிறது; எழுத்து மட்டும் உருகிய மெழுகுபோல. ஊர்ப் பிள்ளைகள் பார்க்க வரைபடத்தோடு இணையத்தில் ஏற்ற வேண்டும். எங்கே தப்பு?

அளவுகோல்:
40 போதாது அண்ணா. எழுத்தின் ஆழமே சில மில்லிமீட்டர்தான். முழுக் கல்லுக்கு ஒன்றரை மீட்டரில் ஒரு சுற்று, எழுத்துக்கு மட்டும் 40 செ.மீ. நெருங்கி இன்னொன்று. அடுத்தடுத்த படங்கள் முக்கால் பங்கு ஒன்றன்மேல் ஒன்று விழவேண்டும். 150 படம் தேவைப்படும். நின்ற இடத்திலிருந்து போனை மட்டும் திருப்பினால் ஆழம் கிடைக்காது, கால் நகரணும். ஃபோகஸைப் பூட்டுங்கள், ஜூம் தொடாதீர்கள். மேகமூட்டமான நேரமே நல்லது. வெயிலில் நிழல் நகர்ந்து கணக்கைக் குழப்பும். எண்ணெய்ப் பளபளப்பு இன்னும் மோசம், கோணத்துக்குக் கோணம் இடம் மாறி மாதிரியில் பொய்க்குழி போடும். அதற்காகத் துடைக்கவோ சுரண்டவோ வேண்டாம். பூசாரியைக் கேட்டு எண்ணெய்க் காப்புக்கு முன்பே எடுங்கள். கல்லருகே அளவுகோல் வையுங்கள், இல்லையென்றால் வடிவம் வரும், அளவு வராது. மெஷ்ரூமில் டெப்த்மேப் டவுன்ஸ்கேல் (ஆழத்தைக் கணக்கிடும்முன் படத்தைச் சுருக்கும் அளவு) 2 என்றிருக்கும், சுருக்காமலிருக்க 1 ஆக்குங்கள். நேரம் பிடிக்கும்.

வட்டெழுத்து:
எழுத்தைப் படிக்க அந்த முப்பரிமாண மாதிரி மட்டும் போதாது. இருட்டியபின் ஸ்டாண்டில் கேமராவை நிறுத்தி, டார்ச்சைக் கல்லை ஒட்டி 10–15 டிகிரி சாய்வில் எட்டுத் திசையிலிருந்தும் அடித்து எடுங்கள். சாக்பீஸ், மாவு தேய்க்கவே கூடாது: கல்லில் இருப்பதை விட்டு நாம் நினைத்ததை எழுதிவிடுவோம். ‘தொறு’ (மாட்டு மந்தை), ‘பட்டான் கல்’ (இறந்தவன் கல்) போன்ற சொற்கள் பிடிபட்டால் ஆநிரைப் பூசலில் இறந்தவன் கல் என்று தெரியும். ஐயமான எழுத்தைப் பகர அடைப்பில் [ ] போட்டு, வாசித்தவர் பெயர், தேதி சேருங்கள்; நாளை ஒருவர் திருத்த முடியும்.

தகடூர் வாசி:
வரைபடத்தில் அவசரப்படாதீர்கள். வயலில் தனியே நிற்கும் கல்லின் சரியான புள்ளியைப் போட்டால், புதையல் தேடித் தோண்டுபவருக்கு வழிகாட்டியாகிவிடும். அட்சரேகை, தீர்க்கரேகையில் இரண்டு தசமத்தோடு நிறுத்தினால் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் வட்டம்தான் தெரியும். படத்துக்குள்ளே ஜிபிஎஸ் ஒளிந்திருக்கும், ஏற்றும் பிரதியில் நீக்குங்கள்.

கல்தேடி:
கோயில் எல்லோருக்கும் தெரிந்ததுதானே?

தகடூர் வாசி:
கோயில் கல்லுக்குப் பூசாரியும் ஊராரும் சம்மதித்தால் போடலாம். ஒன்று முக்கியம்: ஊருக்கு அவர் வேடியப்பன். ‘நடுகல்’ என்று மட்டும் எழுதி அந்தப் பெயரை அழித்துவிடாதீர்கள். பெரியவர்கள் சொல்லும் கதையை அவர்கள் பேச்சிலேயே தனிப் பத்தியாகச் சேருங்கள். மூலப் படங்களை வாட்ஸ்அப்பில் வாங்கினால் டாகுமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள். போட்டோவாக வந்தால் சுருங்கிவிடும். இரண்டு ஹார்ட்டிஸ்கில், இரண்டு வீட்டில் வையுங்கள்.