புதுப்பிப்பு: ஏர் சஸ்பென்ஷன் சரியாகிவிட்டது

வாரண்டி முடிந்த என் ட்வின் டர்போ வி8 எஸ்யுவி, ராத்திரி நிறுத்தினால் காலையில் முன்பக்க இடது மூலை இறங்கிக் கிடக்கிறது என்று எழுதியிருந்தேனே, காரணம் தெரிந்துவிட்டது. சோப்புத் தண்ணீர் தெளித்ததும் ஏர் ஸ்பிரிங்கின் (வண்டியைத் தாங்கும் காற்றுப் பை) ரப்பர் மடிப்பில் பொடிப்பொடியாகக் குமிழி கிளம்பியது. கசிவை ஈடுகட்ட ஓடி ஓடியே, அதற்குக் காற்றடிக்கும் கம்ப்ரஸரும் தேய்ந்திருந்தது. ஸ்பிரிங், கம்ப்ரஸர், அதை இயக்கும் மின் சுவிட்சான ரிலே மூன்றையும் மாற்றியாயிற்று. இந்த அறிகுறி தெரிந்தால் தள்ளிப் போடாதீர்கள்.

அப்புறம், ஒரு டயரை மட்டும் மாற்றலாமா என்று கேட்டவர்களுக்கு: ஆல் வீல் டிரைவ் (நான்கு சக்கரத்துக்கும் விசை போகும்) வண்டியில் ஒன்றை மட்டும் புதிதாகப் போட வேண்டாம். சுற்றளவு வேறுபட்டால் முன், பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் கிளட்ச் ஓயாமல் உரசும்.

எஞ்சின் இன்னும் அருமை. கோத்தகிரி ஏற்றத்தில் அந்த இழுவைக்கு ஈடே இல்லை, விற்க மனமில்லை. டர்போ சூட்டில் எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் ஓடும் பிளாஸ்டிக் இணைப்புகள் இறுகி விரிசல் விடும் என்பதால், அடுத்த சர்வீஸில் அவற்றை முன்கூட்டியே மாற்றுகிறேன்.