ஸ்விஃப்ட் டீசல் என்ஜின் மவுண்டிங்: மூன்றையும் மாற்றணுமா?

வணக்கம் நண்பர்களே. வண்டி 2012 மாடல் ஸ்விஃப்ட் டீசல். என்ஜினை பாடியோடு தாங்கிப் பிடிக்கிற மூன்று ரப்பர் மவுண்டிங் பற்றித்தான் கேள்வி. வாரக்கடைசியில் ஏற்காடு ஏறி இறங்குகிற வண்டி. அந்த 20 கொண்டை ஊசி வளைவிலும் ஃபர்ஸ்ட், செகண்ட் என்று மாற்றி மாற்றிப் போடும்போது முன்பக்கம் 'டொக்' என்று அடிக்கிறது. சிக்னலில் ஏசி போட்டு நின்றால் ஸ்டியரிங் முதல் கதவு வரை நடுங்குகிறது.

பானெட்டைத் திறந்து வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, தம்பியை கிளட்ச்சைப் பாதி விடச் சொல்லிப் பார்த்தேன், பக்கத்தில் நின்றுதான். ஃபர்ஸ்ட்டில் என்ஜின் ஒரு பக்கம் எழும்புகிறது, ரிவர்ஸில் மறுபக்கம் சாய்கிறது. டைமிங் செயின் இருக்கிற பக்க மவுண்டிங்கில் ரப்பர் வெடித்து, இரும்போடு இரும்பு உரசிய தடம் பளபளவென்று தெரிகிறது. கியர்பாக்ஸ் பக்கம் பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கிறது. பின்னால் கீழே இருப்பதை லிஃப்டில் ஏற்றாமல் சரியாகப் பார்க்க முடியவில்லை.

மெக்கானிக் ஒன்று மட்டும் போதும் என்கிறார். எனக்கென்னவோ புதுசு ஒன்றைப் போட்டால் பழைய இரண்டும் சீக்கிரம் போய்விடும் என்றுதான் படுகிறது. மாற்றியவர்கள் சொல்லுங்கள். அப்புறம், சம்புக்கு (என்ஜின் அடியில் இருக்கிற ஆயில் தொட்டி) அடியில் பலகை வைத்து ஜாக்கி கொடுத்து, என்ஜின் எடை உட்கார்ந்த பிறகே போல்ட்டைக் கடைசியாக முறுக்குகிற, பொறுமையான ஆள் சேலத்தில் ஐந்து ரோடு, குரங்குச்சாவடி பக்கம் யாராவது உண்டா? கூலி எவ்வளவு கேட்பார்கள்?