இடது காதில் மட்டும் திடீர் இரைச்சல், நாலு நாளாக நிற்கவில்லை. காரணம் என்னவாக இருக்கும்?

மஞ்சக்குப்பம்_வாசி:
வயது 46, கடலூர். ஞாயிறு காலை எழுந்ததிலிருந்து இடது காதில் 'ஙொய்ய்ய்' என்று விடாத சத்தம். தண்ணீர் புகுந்த மாதிரி அடைப்பும் இருக்கிறது. வலி, சீழ், காய்ச்சல் எதுவும் இல்லை. முதல் நாள் லேசாகத் தலை சுற்றியது, இப்போது இல்லை. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் 500, இரண்டு வேளை. சனிக்கிழமை சில்வர் பீச்சில் குளித்ததால் தண்ணீர்தான் காரணம் என்று நினைத்து, மெடிக்கலில் குறும்பி கரைக்கும் சொட்டு வாங்கி மூன்று நாள் விட்டாயிற்று. மாற்றமில்லை. இணையத்தில் தேடினால் மூளைக்கட்டி என்று வருகிறது, அதிலிருந்து தூக்கமே போய்விட்டது. இன்னும் ஒரு வாரம் பார்க்கலாமா, இல்லை உடனே ஸ்கேன் எடுக்க வேண்டுமா?

கெடிலக்கரை:
ஒரு வாரம் பார்க்காதீர்கள் சார். ஸ்கேனுக்கும் இப்போது அவசரமில்லை. அவசரமாக எடுக்க வேண்டியது ஆடியோகிராம், அதாவது காது கேட்கும் திறனை அளக்கும் சோதனை.

ஒரே காதில் திடீர் இரைச்சலோடு அடைப்பும் சேர்ந்து வந்தால், அந்தக் காதில் கேட்கும் திறன் குறைந்திருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். குறும்பியாலோ நீராலோ குறைந்திருந்தால் வழி அடைபட்டிருக்கிறது, எடுத்துவிட்டால் சரியாகும். உள்காதின் நரம்புப் பகுதியில் குறைந்திருந்தால் (மூன்று நாளுக்குள், அடுத்தடுத்த மூன்று அலைவரிசைகளில் 30 டெசிபலோ அதற்கு மேலோ என்பது வழக்கமான வரையறை) ஸ்டீராய்டு தேவைப்படலாம். அதை முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்கினால்தான் பலன் அதிகம். உங்களுக்கு அதில் நாலு நாள் போய்விட்டது.

வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். வாயை மூடிக்கொண்டு தாழ்ந்த குரலில் 'ம்ம்ம்' என்று நீட்டுங்கள். முதலில் நல்ல காதை விரலால் அடைத்துப் பழகினால், அடைத்த பக்கம் சத்தம் ஏறுவது புரியும். பிறகு விரலை எடுத்துவிட்டு மறுபடி முனகுங்கள். கோளாறான இடது காதில் பலமாகக் கேட்டால் குறும்பி, நீர் போன்ற அடைப்பாக இருக்க வாய்ப்பு. நல்ல வலது காதுக்குச் சத்தம் நகர்ந்தால் உள்காது பக்கம் சந்தேகம். டாக்டர் நெற்றியில் டியூனிங் ஃபோர்க் (தட்டினால் அதிர்ந்து ஒலிக்கும் உலோகக் கவை) வைத்துப் பார்ப்பதும் இதே கணக்குதான். இது ஒரு குறிப்பு மட்டும், ஆடியோகிராமுக்குப் பதில் ஆகாது.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று உண்டு. காதுக்குள் டார்ச் அடித்துப் பார்ப்பார்கள், செவிப்பறை சுத்தமாக இருக்கும், 'ஒன்றுமில்லை, சளி அடைப்பு' என்று மூக்குச் சொட்டோடு அனுப்பிவிடுவார்கள். உள்காது நோயில் செவிப்பறை சுத்தமாகத்தான் தெரியும். அதனால்தான் பார்வையை மட்டும் நம்பக் கூடாது.

முகம் ஒரு பக்கம் கோணல், பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை, நிற்க முடியாத சுற்றல் ஏதாவது வந்தால் 108. காது மடலில் கொப்புளமும் முகக் கோணலும் சேர்ந்து வந்தால் அது அக்கி, அன்றே போக வேண்டும்.

முத்தியால்பேட்டை_ஒலி:
சோதனையைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனெனில் தப்பாக எடுத்த ஆடியோகிராம் எடுக்காததைவிடக் கெடுதல். ஒலி புகாத அறையில் எடுக்க வேண்டும். வராண்டாவில் எடுத்தால் வெளிச்சத்தம் 250, 500 ஹெர்ட்ஸை மூடிவிடும், அங்கே காது குறைந்தது போல் காட்டும்.

அதைவிட முக்கியம் மாஸ்கிங். சாதாரண ஹெட்ஃபோனில் ஒரு காதுக்கு விடும் சத்தம் 40 டெசிபல் அளவுக்கு மேல் போனால் மண்டை ஓடு வழியாக மறு காதுக்கும் போகும். எலும்பு வழிச் சோதனையில் (காதுக்குப் பின்னால் எலும்பில் அதிர்வுக் கருவி வைத்து எடுப்பது) சத்தம் இரண்டு காதுக்கும் கிட்டத்தட்ட ஒரே அளவில் சேரும். எனவே நல்ல காதுக்குள் 'ஸ்ஸ்' என்ற இரைச்சலைக் கொடுத்து அதை வேலையாக வைத்துக்கொண்டுதான் கெட்ட காதை அளக்க வேண்டும். இல்லாவிட்டால் நல்ல காது பதில் சொல்லும், கெட்ட காது ஓரளவு கேட்கிறது என்று பொய் ரிப்போர்ட் வரும். சோதனையின்போது வலது காதில் இரைச்சல் விட்டார்களா என்று கவனித்துக்கொள்ளுங்கள்.

ரிப்போர்ட்டில் வலது காது சிவப்பு வட்டம், இடது காது நீலப் பெருக்கல் குறி. காற்று வழிக் கோடும் எலும்பு வழிக் கோடும் ஒன்றாக இறங்கினால் உள்காது. எலும்பு வழி நன்றாக இருந்து காற்று வழி மட்டும் இறங்கினால் அடைப்பு. கூடவே டிம்பனோமெட்ரியும் (செவிப்பறையின் அசைவை அளக்கும் சோதனை) கேளுங்கள். 'பி' வகைக் கோடு என்றால் பெரும்பாலும் நடுக்காதில் நீர். தாளை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், சிகிச்சை முடிந்ததும், ஆறு மாதத்துக்குள்ளும் எடுக்கும் சோதனைகளை இதனோடு ஒப்பிட வேண்டும்.

கோரிமேடு_மருந்தகம்:
சர்க்கரை இருக்கிறதால் இதைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். உள்காதுக் குறைவு உறுதியானால் வழக்கமாக எழுதுவது பிரெட்னிசலோன், கிலோ எடைக்கு ஒரு மி.கி., உச்சம் 60 மி.கி. காலையில் சாப்பிட்ட பிறகு ஒரே வேளை. 7 முதல் 14 நாள் முழு அளவு, பிறகு படிப்படியாகக் குறைப்பார்கள். கடையில் நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள், பாதியில் நிறுத்தவும் வேண்டாம்.

இந்த மாத்திரையில் வெறும் வயிற்றுச் சர்க்கரை அவ்வளவாக ஏறாது, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகும் சாயங்காலமும்தான் எகிறும். காலையில் மட்டும் குத்திப் பார்த்து 'நார்மல்' என்று நினைத்துவிடுவார்கள். மதியமும் மாலையும் பாருங்கள். சர்க்கரை டாக்டரிடமும் முன்பே சொல்லுங்கள்.

ஏறிவிடும் என்ற பயம் இருந்தால் இன்னொரு வழி உண்டு. செவிப்பறையை மரத்துப்போகச் செய்து, நடுக்காதுக்குள் டெக்ஸாமெத்தசோன் ஊசி, 0.4 முதல் 0.8 மி.லி. ஊசிக்குப் பின் அந்தக் காது மேலே இருக்கும்படி படுத்து, பேசாமல், எச்சில் விழுங்காமல் இருந்தால் மருந்து உள்காது ஜன்னல் (உள்காதுக்குள் மருந்து ஊறும் மெல்லிய சவ்வு) பக்கம் தங்கும். மாத்திரை பலிக்காதவர்களுக்கும் இதே ஊசியைப் பிறகு கொடுப்பார்கள்.

ஜிங்கோ, பீட்டாஹிஸ்டின், வைட்டமின் சீட்டுகளுக்கு இதற்கென்று நல்ல ஆதாரம் இல்லை. நல்லெண்ணெய் காய்ச்சி ஊற்றுவது, பட்ஸ் போட்டுக் குடைவது இரண்டும் வேண்டாம். நம் கடற்கரைப் புழுக்கத்துக்குக் காதில் ஈரம் நின்றால் பூஞ்சை வரும், பிறகு எது நோய், எது நாம் செய்த வினை என்று தெரியாது.

கெடிலக்கரை:
கட்டி பயத்துக்கு வருகிறேன். நீங்கள் படித்தது செவி நரம்புக் கட்டி. லட்சம் பேரில் ஆண்டுக்கு ஒன்றிரண்டு பேருக்குக் கண்டுபிடிக்கப்படும் அளவுக்கு அரிது, புற்றுநோய் அல்ல, பெரும்பாலும் ஆண்டுக்கு ஓரிரு மில்லிமீட்டர் வளரும். அதை விலக்கத்தான் பிறகு எம்.ஆர்.ஐ., காண்ட்ராஸ்ட் மருந்து போட்டு, செவிநரம்புக் குழாய்ப் பகுதியைக் குறிப்பிட்டு எடுப்பார்கள். தலை சி.டி. இதற்கு உதவாது, பணம் வீண். உங்களுக்கு சர்க்கரை இருப்பதால் காண்ட்ராஸ்ட் போடுவதற்கு முன்னதாகக் கிரியாட்டினின் (சிறுநீரகத்துக்கான ரத்தச் சோதனை) பார்க்க வேண்டும். எம்.ஆர்.ஐ. கருவியின் சத்தம் 100 டெசிபலைத் தாண்டும், காதில் அடைப்பான் கட்டாயம் கேட்டு வாங்குங்கள்.

இரைச்சல் நாடித்துடிப்போடு சேர்ந்து அடித்தால் கதை வேறு, ரத்தக் குழாய் பக்கம் தேட வேண்டும். உங்களுடையது விடாத ஒரே ஓசை என்கிறீர்கள், ஆனாலும் மணிக்கட்டில் விரல் வைத்து ஒருமுறை ஒத்துப் பாருங்கள்.

இரவுக்கு: முழு அமைதியில் படுத்தால் இரைச்சல் பெரிதாகத் தெரியும். மின்விசிறியோ மெல்லிய மழைச் சத்தமோ, இரைச்சலைவிடச் சற்றுக் குறைவான அளவில் ஓடட்டும்.

மஞ்சக்குப்பம்_வாசி:
முனகிப் பார்த்தேன், நாலைந்து முறை. வலது காதுக்கே போகிறது. நாடியோடு ஒத்துப்போகவில்லை. நாளைக்குக் காலையில் போகிறேன். புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையா, இங்கேயே அரசு தலைமை மருத்துவமனையா?

கெடிலக்கரை:
எங்கே நாளைக்கே காது மூக்கு தொண்டை டாக்டரும் ஆடியோகிராமும் சேர்ந்து கிடைக்குமோ அங்கே. மஞ்சக்குப்பம் அரசு மருத்துவமனையில் கிடைத்தால் கோரிமேட்டு ஜிப்மர் வரை போக வேண்டாம். சீட்டு போடும்போதே 'திடீர்னு ஒரு காது கேட்கல, அஞ்சாவது நாள்' என்று சொல்லுங்கள். 'காது இரைச்சல்' என்று மட்டும் சொன்னால் வரிசையில் பின்னால் போய்விடும். மெட்ஃபார்மின் சீட்டு, கடைசி சர்க்கரை அளவு, அந்தச் சொட்டு பாட்டில், மூன்றையும் எடுத்துப் போங்கள். இன்று ராத்திரி சொட்டு விட வேண்டாம்.