டிஸ்க் பிதுங்கிய பிறகு மறுபடி வில் பிடித்தவர்கள் இருக்கிறீர்களா?

மஞ்சள்_வட்டம்

நுனி முன்பக்கம் வளைந்த ரீகர்வ் வில், இழுவிசை 38 பவுண்ட், இலக்கு 70 மீட்டர். போன ஆடியில் கீழ் முதுகில் எல்4-எல்5 டிஸ்க் பிதுங்கிவிட்டது. வில்லைக் குறை சொல்ல முடியாது, வீட்டில் தண்ணீர் கேனைத் தூக்கும்போது நடந்தது. எம்.ஆர்.ஐ., மாத்திரை, நான்கு மாதம் பிசியோ எல்லாம் ஆயிற்று. காலுக்கு இறங்கிய வலி முழுசாகப் போனதும் டாக்டர் "சரி, மெல்ல ஆரம்பிங்க" என்றார். 38 பவுண்டை இழுத்துப் பிடிப்பது என்றால் என்னவென்று அவருக்குத் தெரிந்திருக்காது. நானும் விளக்கவில்லை.

முதல் நாள் என் லிம்பை (வில்லின் வளையும் கை, பவுண்டு அதைப் பொறுத்ததுதான்) போடவில்லை, அந்த அளவுக்குப் புத்தி இருந்தது. புதுசாகச் சேரும் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் 20 பவுண்ட் லிம்ப், ஐந்து மீட்டர் தள்ளி வெறும் பட் (அம்பு குத்தி நிற்கும் திண்டு), டார்கெட் தாள்கூட இல்லை. பத்து அம்பு சுகமாகப் போனது. பதினோராவதை நாணில் மாட்டும்போது கை நழுவி அம்பு புல்லில் விழுந்தது.

குனியவே முடியவில்லை. வலி கொஞ்சமும் இல்லை, குனிந்தால் என்ன ஆகுமோ என்கிற பயம்தான். வில்லைப் பிடித்தபடி அம்பையே பார்த்துக்கொண்டு அரை நிமிடம் நின்றிருப்பேன். பக்கத்தில் இந்தியன் ரவுண்ட் பிரிவு மூங்கில் வில்லோடு பத்து வயசுப் பெண் ஒருத்தி. தன் அம்புகளை விட்டு முடித்ததும் வந்து எடுத்துக் கொடுத்தாள். "அங்கிள், நீங்க குனியக் கூடாதா? எங்க தாத்தாவும் அப்படித்தான்."

எனக்கு வயது 41.

அன்று பிரித்துப் பையில் வைத்த வில் இரண்டு வாரமாக அப்படியே கிடக்கிறது. 38 லிம்ப் பரணில். உங்களில் யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா?

பட்_தூக்கி

என் பெயரிலேயே கதை இருக்கிறது. திடீர் மழை, பட்களை ஷெட்டுக்குள் கொண்டுபோக வேண்டும். நனைந்த வைக்கோல் பட்டின் கனம் தூக்கியவர்களுக்குத் தெரியும். நானும் இன்னொருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் திரும்பினோம். இடுப்பில் ஏதோ நழுவியது மாதிரி இருந்தது. கீழே போட்டால் அவர் கால்மேல் விழும். "சார், வச்சிடலாமா, வச்சிடலாமா" என்று கேட்டுக்கொண்டே இன்னும் பத்தடி நடந்தேன். அந்தப் பத்தடிக்கு ஐந்து மாதம் கொடுத்தேன்.

திரும்பி வந்தபோது வில் இழுப்பதில் பிரச்சினையே இல்லை. அம்பு பிடுங்கும்போதுதான் மறுபடி பிடித்தது. ஃபோம் பட்டில் கார்பன் அம்பு எப்படி இறுகும் என்று சொல்லத் தேவையில்லை. இடுப்பைத் திருகி ஒரே வெட்டு வெட்டிப் பிடுங்குவது என் பழைய பழக்கம். இப்போது ஒரு கை பட்டில், ஒரு கை அம்பின் அடியில், ஒவ்வொன்றாக. கீழ் வரிசை அம்புகளுக்கு ஒற்றை முட்டி போட்டு உட்கார்ந்துவிடுகிறேன். கூட வருகிறவர்கள் காத்திருக்கட்டும்.

காம்பவுண்ட்_பக்தன்

இதற்கெல்லாம் ஒரே பதில், கப்பி வைத்த காம்பவுண்ட் வில்லுக்கு மாறுங்கள். என்னுடையது 50 பவுண்ட், லெட்-ஆஃப், அதாவது முழுசாக இழுத்ததும் குறையும் கனம், 75 சதவீதம். முழுசாக இழுத்த பிறகு விரலில் நிற்பது 12 பவுண்டுக்குக் கொஞ்சம் மேலே. முதுகுக்கு இதைவிட என்ன சுகம் வேண்டும்? எனக்கும் எல்5 பிரச்சினைதான், மூன்று வருடமாக எய்துகொண்டு இருக்கிறேன்.

வெறும்_வில்

பக்தன் ப்ரோ, அந்தப் 12-க்கு வர 50-ஐத் தாண்டித்தானே வரணும்? எங்கள் கிளப்பில் ஒருவர் அந்த 50-ஐத் தாண்ட வில்லை வானத்துக்குத் தூக்கி, இடுப்பைப் பின்னால் வளைத்துத்தான் இழுப்பார். பக்கவாட்டில் வீடியோ எடுத்துக் காட்டினோம். "இது நான் இல்லை" என்றார். வில் ஆடாமல் இருக்க மாட்டும் ஸ்டெபிலைசர் கம்பி, எடைகள் எல்லாம் சேர்த்தால் உங்கள் வில் மூன்று கிலோ இருக்காதா? முன்னால் தொங்கும் அந்தக் கனத்தை எது தாங்குகிறது? முதுகுதானே.

காம்பவுண்ட்_பக்தன்

தூக்கி இழுப்பது அவர் தப்பு, வில்லின் தப்பு இல்லை. பீக் வெயிட்டை, அதாவது அந்த உச்ச 50-ஐ, குறைக்க லிம்ப் போல்ட் என்று ஒரு திருகு இருக்கிறது.

பழைய_கிளிக்கர்

சண்டை போதும். என் கதை இரண்டே வரி. எல்5-எஸ்1, 2016. டாக்டர் சரி என்று சொன்ன மறு வாரமே நேராகப் பழைய லிம்பை மாட்டினேன், மூன்றாம் நாள் ஆட்டோவில் படுத்தபடி வீட்டுக்கு வந்தேன்.

இனி நீங்கள் யாரும் கேட்காத அறிவுரை.

ஒரு போட்டிக்கு 72 அம்பு. 38 பவுண்டால் பெருக்கினால் 2736 பவுண்ட், அதாவது ஆயிரத்து இருநூறு கிலோவுக்கு மேல். பயிற்சியில் இழுத்துவிட்டு எய்யாமல் இறக்குவதெல்லாம் தனிக் கணக்கு. அவ்வளவும் ஒரே பக்கமாக இழுக்கிறோம். அதனால் பாதி பவுண்டில் தொடங்குங்கள். மஞ்சள்வட்டம் 20-இல் தொடங்கியது சரிதான். முதலில் அம்பு எண்ணிக்கையைக் கூட்டுங்கள், அப்புறம் பவுண்டை இரண்டிரண்டாக. இரண்டையும் ஒரே வாரத்தில் கூட்டவே கூடாது. அன்றைக்கு வலிக்காது, மறுநாள் காலை எப்படி எழுந்திருக்கிறீர்கள் என்பதுதான் மார்க் ஷீட்.

பவுண்ட் தாங்காதபோது உடம்பு திருடும். இடுப்பு டார்கெட் பக்கம் நழுவும், மேலுடம்பு பின்னால் சாயும், கீழ் முதுகு குழியும். நமக்கே தெரியாது. வெறும்வில் சொன்ன பக்கவாட்டு வீடியோதான் வழி. விலா எலும்பைக் கீழே இறக்கி, பின்புறத்தை லேசாக உள்ளே வாங்கி நில்லுங்கள். ரொம்பத் திறந்த ஸ்டான்ஸ் (முன்காலைப் பின்னுக்கு வாங்கி இலக்குப் பக்கம் திரும்பி நிற்பது) இடுப்பைத் திருகும், கொஞ்ச நாளைக்கு நேராகவே நில்லுங்கள். காலை வில்லுக்குள் விட்டு வளைத்து நாண் பூட்டும் வேலை வேண்டாம், நாண் பூட்ட உதவும் ஸ்ட்ரிங்கர் கயிறு வாங்குங்கள்.

இன்னொன்று. நம்மில் பாதிப் பேர் விடியற்காலைப் பயிற்சிக்காரர்கள். ராத்திரி படுத்திருக்கும்போது டிஸ்க் நீர் கோத்துப் பருத்திருக்கும். எழுந்த முதல் ஒரு மணி நேரம் குனிவது அதற்கு ஆகாது. ஆறு மணிக்குப் பயிற்சி என்றால் ஐந்துக்காவது எழுந்து நடமாடிவிட்டுப் போங்கள். பட் தூக்குவதை இளசுகளிடம் விடுங்கள்.

உடற்பயிற்சிக்கு ஸ்டூவர்ட் மெக்கில் என்ற கனடாப் பேராசிரியரின் மூன்று போதும்: கர்ல்-அப், சைடு பிளாங்க், பேர்ட்-டாக். உங்கள் பிசியோவுக்குத் தெரிந்திருக்கும், அவரிடமே கற்றுக்கொள்ளுங்கள். யூடியூப் வேண்டாம். பெல்ட் போட்டுக்கொண்டு எய்யலாமா என்று கேட்பார்கள். பெல்ட் இல்லாமல் முடியாத பவுண்டை பெல்ட் போட்டும் இழுக்காதீர்கள்.

நான்காம்_அம்பு

கிளிக்கர் அண்ணா, எல்லாம் சரி, முக்கியமானதை விட்டுவிட்டீர்கள். மரத்துப் போவது.

கல்லூரிக் காலத்தில் செலக்‌ஷன் ட்ரையல். இரண்டு மாதமாக இடுப்பு வலி. கோச்சிடம் சொன்னால் பெயரை எடுத்துவிடுவார் என்று ஸ்ப்ரே அடித்துக்கொண்டு போனேன். முதல் 36 நன்றாகப் போனது. இரண்டாம் பாதியில் இடது பாதம் தரையில் இருக்கிறதா என்றே தெரியவில்லை. செருப்பில்லாமல் மணலில் நிற்பது மாதிரி, அப்புறம் மணலும் இல்லாதது மாதிரி. அப்போது ஆறு அம்புக்கு நான்கு நிமிடம். மூன்று விட்டேன். நான்காவதுக்கு, போதுமான அளவு இழுத்ததும் சத்தத்தோடு விழ வேண்டிய கிளிக்கர் விழவில்லை. இறக்கினேன். மறுபடி இழுத்தேன், விழவில்லை. நேரம் முடியப் போகிறது என்று மஞ்சள் விளக்கு வந்தது. மூன்றாம் தடவை இழுக்கும்போது சிவப்பு.

மூன்று அம்பை விடாமல் கோட்டிலிருந்து பின்னால் வந்தேன். கோச் ஸ்கோரைப் பார்க்கவில்லை, என் காலைத்தான் பார்த்தார். "எத்தனை நாளா?" என்றார். அந்தக் கேள்வி இன்னும் காதில் இருக்கிறது. வலியைக் கோச்சிடம் மறைத்தது தப்பு, கால் மரத்த பிறகும் இழுத்தது அதைவிடத் தப்பு.

பாதம் தூக்க வராவிட்டால், உட்காரும் இடம் மரத்துவிட்டால், சிறுநீர் கட்டுப்பாடு போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள்.

ஸ்டூல்_ஷூட்டர்

நான் ஒரு வருடமாக உயரமான ஸ்டூலில் உட்கார்ந்துதான் எய்கிறேன். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். 1948 ஜூலை 29, லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், ஸ்டோக் மாண்டெவில் மருத்துவமனையில் டாக்டர் லுட்விக் குட்மான் முதுகுத்தண்டு அடிபட்ட 16 முன்னாள் படைவீரர்களுக்கு, அதில் பெண்களும் உண்டு, வைத்த போட்டி எது தெரியுமா? வில்வித்தை. பாராலிம்பிக் அங்கிருந்துதான் வளர்ந்தது. 1984-இல் நியூசிலாந்தின் நெரோலி ஃபேர்ஹால் சக்கர நாற்காலியில் இருந்தபடி லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கிலேயே எய்தார். இதையெல்லாம் என் பிசியோதான் சொன்னார், நான் வில்லை விற்கப் போகிறேன் என்று அழுத அன்றைக்கு.

மஞ்சள்வட்டம் சார், கீழே விழுந்த அம்புக்கு வழி இருக்கிறது. முதலில் வில்லை ஸ்டாண்டில் வையுங்கள். ஒரு கையை ஸ்டூலில் ஊன்றி, முதுகை நேராக வைத்து, ஒரு காலைப் பின்னால் நீட்டி எடுங்கள். கோல்ஃப்காரர்கள் பந்தை அப்படித்தான் எடுப்பார்கள். பிசியோவிடம் காட்டிவிட்டு வீட்டில் பென்சிலை வைத்துப் பழகுங்கள்.

மஞ்சள்_வட்டம்

பென்சிலை வைத்து நான்கு நாள் பழகினேன். வீட்டம்மா ஒன்றும் கேட்கவில்லை, பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நேற்று மைதானத்துக்குப் போனேன். 30 அம்பு, அதே 20 பவுண்ட். ஒன்றும் கீழே விழவில்லை. கடைசியில் நானாக ஒன்றைப் போட்டு, ஸ்டூலைப் பிடித்து எடுத்தேன். அந்தப் பெண் பார்த்துக்கொண்டு இருந்தாள். "வேணும்னே போட்டீங்கதானே?" என்றாள்.

இன்று காலை எழுந்ததும் லேசான இறுக்கம், கால் பக்கம் ஒன்றுமில்லை. வியாழன் மறுபடி போகிறேன்.

புது_நாண்

வணக்கம் சார், பரணில் இருக்கிற 38 லிம்ப் நீளத்தில் மீடியமா, லாங்கா? விற்பதாக இருந்தால் சொல்லுங்கள்.

மஞ்சள்_வட்டம்

மீடியம். விற்கவில்லை.