மாணவியைப் பாராட்ட ‘ஸ்டப்பர்ன்’ என்று எழுதலாமா? பரிந்துரைக் கடிதம், கொஞ்சம் அவசரம்

கேள்வி:
வணக்கம். பிளஸ் டூவுக்குக் கணக்கு எடுக்கிறேன். என் மாணவி ஒருத்தி உதவித்தொகைக்காகப் பரிந்துரைக் கடிதம் கேட்டாள். ஒரே ஒரு தொகையீட்டுக் கணக்கை மூன்று நாள் விடாமல் போட்டுப் பார்த்து, நான்காம் நாள் காலையில் பிரேயர் மணி அடிக்கும் முன்பே நோட்டும் கையுமாக ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்ற பிள்ளை. அதை மனதில் வைத்துத்தான் ‘ஷி இஸ் எ ஸ்டப்பர்ன் ஸ்டூடண்ட்’ என்று எழுதினேன். விடாப்பிடியானவள் என்று சொல்ல நினைத்தேன். எங்கள் ஆங்கில ஆசிரியை படித்துவிட்டு, “இதை அனுப்பாதீங்க டீச்சர், பிள்ளையைக் குறை சொன்ன மாதிரி இருக்கு” என்கிறார். சோப்புத்தூள் பாக்கெட்டில் ‘ஸ்டப்பர்ன் ஸ்டெயின்ஸ்’ என்று போடுகிறார்களே, அது திட்டாகத் தெரியவில்லையே? நாளை மாலைக்குள் அனுப்ப வேண்டும்.

பதில் 1:
அவர் சொன்னது சரி டீச்சர், அப்படியே அனுப்பாதீர்கள். நம் ‘விடாப்பிடி’ இரண்டு பக்கமும் போகும். விடாப்பிடியாகப் படித்தாள் என்றால் பாராட்டு, விடாப்பிடியாக மறுத்தாள் என்றால் குறை. ஸ்டப்பர்னை ஆளுக்குச் சொன்னால் பெரும்பாலும் குறைதான்: எடுத்துச் சொன்னாலும் கேட்காதவர், தப்பு என்று தெரிந்தும் இறங்கி வராதவர். நம் ஊரில் பிடிவாதக்காரி, அடம் பிடிக்கிறவள் என்போமே, அது.

கறைக்கு மனசு கிடையாது, அதனால் குறை சொல்வதற்கும் அங்கே ஆள் இல்லை. போகாது என்ற பொருள் மட்டும் மிஞ்சுகிறது. வாழைத்தண்டு நறுக்கும்போது சட்டையில் ஒரு சொட்டுப் பால் பட்டதா? படும்போது தண்ணீர் மாதிரி இருக்கும். காய்ந்ததும் பழுப்பாகும், துவைக்கத் துவைக்கக் கறுக்கும். சட்டை கிழியும் வரை அந்தக் கறை இருக்கும். ஸ்டப்பர்ன் ஸ்டெயின் என்றால் எனக்கு அதுதான் நினைவுக்கு வரும். இதைத் தமிழில் ‘பிடிவாதமான கறை’ என்று பெயர்த்தால் ஒட்டாது. நமக்கு இதைவிட நல்ல வழி இருக்கிறது: கறை போக மாட்டேன் என்கிறது, பூட்டு திறக்க மாட்டேன் என்கிறது, விலைவாசி இறங்க மாட்டேன் என்கிறது. ஜடப்பொருளையே பேச வைத்துவிடுகிறோம். இருமலுக்கு ‘விடாத இருமல்’ போதும்.

கடிதத்துக்கு ‘டினேஷியஸ்’ பொருந்தும். பிடித்துக்கொள்வதைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது, நம் ‘பிடி’க்கு ரொம்பப் பக்கம்.

பதில் 2:
ஒரு சின்னத் திருத்தம். ஆளுக்குச் சொன்னால் குறை, சரி. ஆனால் அவர் செய்த செயலுக்கு முன்னால் வந்தால் ஸ்டப்பர்ன் பாராட்டாகவும் ஆகும். 2021 ஜனவரி 11, ஆஸ்திரேலியாவுக்கு எதிரான சிட்னி கிரிக்கெட் டெஸ்டின் கடைசி நாள். நம் வீரர்கள் விஹாரிக்குத் தொடைத் தசைப்பிடிப்பு, அஷ்வினுக்கு முதுகுவலி. இருவரும் 42 ஓவருக்கு மேல் ஆட்டமிழக்காமல் நின்று டிரா செய்தார்கள். விஹாரி 161 பந்தில் 23 ரன். இப்படி ஆடுவதைத்தான் ‘ஸ்டப்பர்ன் ரெசிஸ்டன்ஸ்’ என்பார்கள், அதில் மரியாதை இருக்கிறது. அதே விஹாரியை ‘ஸ்டப்பர்ன் மேன்’ என்றால் வேறு அர்த்தம்.

கேட்டவர்:
இரண்டு பேருக்கும் நன்றி. அப்படியானால் ‘பெர்சிஸ்டென்ட்’ எப்படி? அப்புறம், செய்தியில் ‘இன்ட்ராக்டபிள்’ என்றும் பார்க்கிறேன், அதுவும் இதுவும் ஒன்றா?

பதில் 1:
பெர்சிஸ்டென்ட் தாராளமாக எழுதலாம். விடாத இருமலுக்கும், வேண்டாம் என்றாலும் விடாமல் போன் செய்கிறவருக்கும் அதே சொல் வரும் என்பதால், பக்கத்தில் காரணத்தைச் சொல்லிவிடுங்கள். இன்ட்ராக்டபிள் அதைவிடக் கனமானது, கையாளவே முடியாதது என்று பொருள். தலைமுறைகளாகத் தீராத எல்லைத் தகராறு, மருந்துக்குக் கட்டுப்படாத வலி, இப்படிப்பட்ட இடங்களில் வரும். சட்டைக் கறைக்கு யாரும் சொல்ல மாட்டார்கள். மாணவிக்கு எழுதவே எழுதாதீர்கள்.

கேட்டவர்:
மாற்றிவிட்டேன். ‘பெர்சிஸ்டென்ட்’ என்று ஒரே இடத்தில் போட்டு, அடுத்த வரியிலேயே அந்த மூன்று நாளையும் நான்காம் நாள் காலையையும் எழுதினேன். ஆங்கில ஆசிரியை படித்துப் பார்த்து, “இப்ப அனுப்புங்க டீச்சர்” என்றார். அனுப்பிவிட்டேன்.