ஆரஞ்சுக் குடத்துக்குள் வெளிச்சம்

எங்கள் தெருவுக்கு லாரித் தண்ணீர் வரும் நாட்களில் காலை ஆறரைக்கே குடங்கள் வரிசையில் நின்றுவிடும். ராயபுரத்தில் கிழக்கே கடல். வெயில் தெருவுக்குள் தாழ்வாகச் சாய்ந்து வரும். அந்த நேரத்தில் ஆரஞ்சு பிளாஸ்டிக் குடத்தைப் பார்த்திருக்கிறீர்களா? உள்ளே தண்ணீர் எதுவரை இருக்கிறது என்று வெளியிலிருந்தே தெரியும். தண்ணீர் மட்டம் வரை ஒரு நிறம், அதற்கு மேல் வேறு நிறம். கழுத்துப் பக்கம் வெயிலில் வெளுத்துப் போய் கிட்டத்தட்ட மஞ்சளாக இருக்கும்.

நான் ஓவியம் படிக்கும் மாணவி, மூன்றாம் வருடம். அந்த ஒரு குடத்தைத்தான் ஒன்றரை வருடமாக வேறு வேறு மீடியத்தில், அதாவது வேறு வேறு வரையும் பொருளில், வரைந்துகொண்டிருக்கிறேன். அதில் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் வாட்டர் கலர். சாதாரண கார்ட்ரிட்ஜ் ஷீட்டில் ஆரம்பித்தேன். தண்ணீர் பட்டதும் அப்பளம் போல் நெளிந்துவிட்டது. அப்புறம் 300 ஜிஎஸ்எம் தடிமனான காட்டன் பேப்பர் ஒன்று வாங்கி, நாலாகக் கிழித்து நாலு நாள் வைத்துக்கொண்டேன். இதில் வெள்ளை என்பது பேப்பர்தான். வெளிச்சம் எங்கே வேண்டுமோ அந்த இடத்தைத் தொடாமல் விட வேண்டும். வரைவதற்கு முன்பே குடத்தின் எந்த இடம் பளிச்சென்று இருக்கும் என்று முடிவு செய்தாக வேண்டும், பிறகு கேட்டால் கிடைக்காது.

சென்னைக் காற்றும் சேர்ந்து வரையும். மார்கழிக் காலையில் முதல் வாஷ், அதாவது தண்ணீராகப் பூசும் முதல் நிறம், காயவே காயாது. பொறுமையில்லாமல் பக்கத்தில் இன்னொரு சொட்டு வைத்தால், அது உள்ளே பாய்ந்து காலிஃப்ளவர் மாதிரி ஓரம் கட்டிவிடும். அக்னி நட்சத்திரத்தில் நேர்மாறு. குடத்தின் வயிற்றை ஒரே இழுப்பில் போட நினைத்தால் பாதி வழியிலேயே காய்ந்து கோடு விழும். மே மாதத்தில் பேப்பரின் பின்பக்கத்தையும் நனைத்து, ஒரு எவர்சில்வர் தட்டின் மேல் ஒட்டி வைத்து வரையப் பழகினேன். கொஞ்சம் கூடுதல் நேரம் கிடைக்கும்.

ஆறாவது முயற்சியில் தண்ணீர் மட்டம் வந்தது. ஒரு ஈரக் கோடு, அதற்குக் கீழே நிறம் தானாக இறங்கி அடர்ந்தது. நான் செய்தது என்று சொல்ல முடியாது, தண்ணீர்தான் செய்தது. அன்று முழுக்க அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்ரிலிக்குக்கு மாறியபோது கண் ஏமாந்தது. வாட்டர் கலர் காய்ந்தால் வெளுக்கும். அக்ரிலிக் காய்ந்தால் கொஞ்சம் அடர்ந்துவிடும். நிறத்தைப் பிடித்துவைக்கும் பசை ஈரத்தில் பால் மாதிரி இருக்கிறது, காய்ந்ததும் கண்ணாடி போல் தெளிகிறது. அதனால்தான். ஒரு வருடம் 'கொஞ்சம் கூடவே போடு' என்று பழகிய கைக்கு இப்போது 'கொஞ்சம் குறைத்துப் போடு' என்று சொல்லித்தர ஒரு மாதம் ஆனது. இதில் வெளிச்சத்தைக் கடைசியில் மேலே வைக்கலாம். நான் வைத்தேன், ஆரஞ்சின் மேல் வெள்ளை, அதன் மேல் இன்னும் வெள்ளை. குடம் பளபளத்தது. ஆனால் பீங்கான் மாதிரி பளபளத்தது. வெளிச்சம் குடத்தின் மேல் விழுந்ததே தவிர, உள்ளே போகவில்லை.

எங்கள் எதிர் வீட்டில் ஒரு ஐயா இருக்கிறார். சினிமா பேனர் வரைந்தவர், ஃபிளெக்ஸ் வந்த பிறகு அந்த வேலை நின்றுபோனது. துணியில் கட்டம் போட்டு, சின்ன ஃபோட்டோவைப் பார்த்து இருபது அடி முகத்தை வரைந்த கை. மாடிப்படியில் நான் வரைவதை நாலைந்து நாள் ஒன்றும் சொல்லாமல் பார்த்துவிட்டு, ஒருநாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"குடத்த விடு பாப்பா. பின்னால செவுத்த இருட்டாக்கு."

"செவுரு வெள்ளைங்க ஐயா."

"வெள்ளையா இருந்தா என்னா? உன் குடம் வெளிச்சமா தெரியணுமா வேணாவா?"

நீலமும் பழுப்பும் கலந்து சுவரைக் கறுப்பாக்கினேன். குடத்தில் ஒரு தொடுதல்கூடச் செய்யவில்லை. அது தானாக எரிய ஆரம்பித்தது. இருபது அடி முகத்தைத் தெருவின் அந்தக் கோடியில் இருப்பவருக்கும் தெரியவைத்தவருக்கு இது தெரியாமல் இருக்குமா? அவரிடம்தான் ஆயில் பெயின்டிங் பழக ஆரம்பித்தேன்.

ஆயில் தண்ணீர் மாதிரி ஆவியாகி உலர்வதில்லை. அதிலுள்ள ஆளிவிதை எண்ணெய் காற்றிலிருக்கும் ஆக்சிஜனை இழுத்துக்கொண்டு இறுகுகிறது. எல்லா நிறமும் ஒரே வேகத்தில் இறுகாது. பர்ன்ட் அம்பர் என்ற பழுப்பு ஓரிரு நாளில் தொடவிடும், டைட்டானியம் வெள்ளை ஒரு வாரமானாலும் பிசுபிசுக்கும். எண்ணெய் துடைத்த துணியைப் பந்தாகச் சுருட்டிப் போட்டால் அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கலாம். ஐயா முதல் நாளே அதைச் சொல்லி, விரித்துக் கொடியில் போடச் செய்தார். ஒற்றைப் படுக்கையறை வீட்டில் ஆயிலை நீர்க்க வைக்கும் டர்பன்டைனின் வாசனை அம்மாவுக்குத் தலைவலியைக் கொடுத்ததால், எல்லாம் மொட்டை மாடிக்கு ஏறியது.

ஒரு தவறு செய்தேன், நீங்கள் செய்யாதீர்கள். ஆயில் போட்ட இடத்தில் அவசரத்துக்கு அக்ரிலிக் வெள்ளையை வைத்துத் திருத்தினேன். மூன்று மாதம் கழித்து, வெயிலில் தோல் உரிவதுபோல் அந்த இடம் மட்டும் சுருண்டு வந்தது. அக்ரிலிக் மேல் ஆயில் நிற்கும், ஆயில் மேல் அக்ரிலிக் நிற்காது.

அடுத்த கேன்வாஸில் வேறு மாதிரி போனேன். முதலில் குடத்தை வெள்ளையும் சாம்பலுமாக மட்டும் வரைந்து மூன்று வாரம் விட்டேன். காட்மியம் ஆரஞ்சை எடுக்கவில்லை. அது ஒளியை மறைக்கும் நிறம். இந்தியன் எல்லோவும் அலிசரின் கிரிம்சனும் ஒளியை விடும். இரண்டையும் எண்ணெயில் கலந்து, தேநீர் மாதிரி நீர்க்க, குடத்தின் மேல் ஒரு படலம். தண்ணீர் மட்டத்துக்குக் கீழே மட்டும், ஒரு வாரம் கழித்து, இன்னொரு படலம். வெளிச்சம் அந்தப் படலங்களுக்குள் இறங்கி, அடியிலிருக்கும் வெள்ளையில் பட்டுத் திரும்பி வந்தது. வாட்டர் கலரில் பேப்பர் செய்த அதே வேலை.

போன மாதம் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டல் போயிருந்தேன். ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் 1966இல் தொடங்கிய ஓவியர் கிராமம். ஆரம்ப நாட்களில் அங்கிருந்த கலைஞர்கள் பிழைப்புக்காக பாட்டிக் துணிகள் செய்து விற்றார்கள். பாட்டிக்கிலும் வெளிச்சத்தை முதலிலேயே மெழுகு போட்டு மூடிக் காப்பாற்றிவிட வேண்டும், பிறகுதான் சாயத்தில் தோய்க்க முடியும். திரும்பி வரும் பஸ்ஸில் இதே யோசனை. எந்த மீடியத்தை எடுத்தாலும் இப்போது என் முதல் கேள்வி நிறம் பற்றியது இல்லை. இதில் வெளிச்சம் எங்கே இருக்கிறது, அதை நான் விட்டுவைக்க வேண்டுமா, மேலே வைக்க வேண்டுமா, அடியில் வைக்க வேண்டுமா?

நேற்று கரிக்கட்டையில் ஆரம்பித்திருக்கிறேன். ஒரு பெரிய பேப்பர் முழுக்கக் கரி தேய்த்துக் கறுப்பாக்கிவிட்டு, ரப்பரால் வெளிச்சத்தை எடுக்க வேண்டும். ஐயா பக்கத்தில் உட்கார்ந்து ரப்பரைக் கத்தியால் கூராகச் சீவிக் கொடுத்தார். குடத்தின் வாய் விளிம்பு மட்டும் வந்திருக்கிறது, ஒரு மெல்லிய வளைவு. நாளை லாரி வரும் நாள்.