நத்தையின் சைஃபனுக்குத் தமிழில் என்ன?

குழுவினருக்கு வணக்கம்.

மீன்தொட்டியில் ஆப்பிள் நத்தை வளர்ப்பதற்கு ஒரு கையேடு தயாராகிறது. கடைகளில் மிஸ்டரி ஸ்நெயில் என்று விற்கிறார்களே, பொமேசியா டிஃப்யூசா, அதற்கு. ஒரு சொல்லில் வேலை நிற்கிறது. இந்த நத்தை தண்ணீருக்குள் இருந்தபடியே கழுத்தின் இடப்பக்கத்திலிருந்து ஒரு குழலை மேலே நீட்டிக் காற்றை இழுக்கும். அதற்குப் பெயர் சைஃபன். தொட்டித் தண்ணீரை மாற்றும் குழாய்க்கும் அதே பெயர். "சைஃபனை மீன் கடிக்கிறதா என்று பாருங்கள்", "சைஃபனில் குஞ்சு நத்தை போய்விடாமல் பாருங்கள்" என்று இரண்டும் ஒரே பக்கத்தில் வருகின்றன. குழாய்க்கு வடிகுழாய் என்று வைத்துக்கொண்டோம். உறுப்புக்கு 'மூச்சுக்குழல்' போடலாமா?

——

> உறுப்புக்கு 'மூச்சுக்குழல்' போடலாமா?

வேண்டாம் ஐயா. அது மனித உடற்கூற்றியலில் ஏற்கெனவே குடியேறிவிட்ட சொல். (வடிகுழாயும் ஆஸ்பத்திரியில் கத்தீட்டர்தான். ஆனால் மீன்தொட்டிப் பக்கத்தில் யாரும் அப்படிப் படிக்கமாட்டார்கள், விட்டுவிடலாம்.)

சைஃபன் என்ற ஆங்கிலப் பெயரே இங்கே பொருந்தவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். வடிகுழாயின் வெளிமுனை தொட்டி நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தால்தான் தண்ணீர் இறங்கும். வாளியைத் தூக்கி மேசைமேல் வைத்தால் நின்றுவிடும். நத்தையிடம் அந்த ஏற்றத்தாழ்வுக் கணக்கே கிடையாது. குழலின் நுனி நீர்மட்டத்தைத் தொட்டதும், தலையையும் உடலையும் ஓட்டுக்குள் இழுத்து, வெளியே தள்ளி, மறுபடி இழுத்து, கொல்லன் துருத்தி போல நுரையீரலுக்குக் காற்றடிக்கிறது.

அது பிறவிக் குழலும் அல்ல. ஒரு தோல் மடல், அவ்வளவுதான். வேண்டும்போது விளிம்புகள் சேர்ந்து சுருள்கிறது. பூவரச இலையைச் சுருட்டிப் பீப்பி செய்கிற மாதிரி. உற்றுப் பார்த்தால் நெடுக ஓடும் தையல் தெரியும். வேலை முடிந்ததும் கழுத்தோரம் மடங்கிவிடும். ஆகவே 'மடற்குழல்' என்கிறேன்.

——

மடல் என்பது உடற்கூற்றுப்படி சரி. நம் கல்லூரி விலங்கியல் வகுப்புகளில் அறுத்துப் பார்க்கும் குளத்து நத்தை, பைலா குளோபோசா, இதன் உறவுதான். அதற்கும் கழுத்தின் இருபுறமும் இரண்டு மடல்கள் உண்டு. ஆனால் பொமேசியா நீட்டும் அளவுக்கு அது நீட்டாது. இடம், வலம் இரு மடல்களையும் 'கழுத்துமடல்' என்றே சொல்லலாம்.

ஒரு திருத்தம்: இடமடல் காற்றுக்கு மட்டும் இல்லை. நீரில் மூச்சுவிடும்போது தண்ணீரும் இடப்பக்கமாகத்தான் உள்ளே போய், செவுளைத் தாண்டி வலமடல் வழியாக வெளியேறுகிறது. 'காற்றுக்குழல்' என்று யாராவது சொல்வதற்கு முன்பே தடுத்துவிடுகிறேன்.

என் வாக்கு 'மூச்சுத்தூம்பு'. உள்ளே துளையுள்ள எதுவும் தூம்புதான். யானையின் துதிக்கையைத் 'தூம்புடைத் தடக்கை' என்று பழம்பாடல்கள் சொல்லும். ஆற்றைக் கடக்கும் யானை துதிக்கையை மட்டும் மேலே தூக்கி வைத்திருப்பதை நினைத்துக்கொள்ளுங்கள், நத்தை செய்வது அதையேதான்.

——

> என் வாக்கு 'மூச்சுத்தூம்பு'

ஏரிப் பாசனக்காரர்களுக்குத் தூம்பு என்றால் தண்ணீர் வெளியே போகிற வழி. குமிழித்தூம்பு முதல் வாய்க்கால் தூம்பு வரை எல்லாம் அப்படித்தான். நத்தை அதன் வழியாகக் கழிவை விடுகிறது என்று நினைத்துவிட மாட்டார்களா? சொல்லை வாக்கியத்தில் ஓட்டிப் பார்ப்போம். கையேட்டுக்கு எழுதியது:

"40 லிட்டர் தொட்டிக்கு 2 அல்லது 3 நத்தை போதும். நீர்மட்டத்துக்கும் மூடிக்கும் இடையே குறைந்தது 5 செ.மீ. விடவும். விளிம்புவரை நிரப்பினால் மூச்சுத்தூம்பை நீட்ட இடமிருக்காது, முட்டையிடவும் இடமிருக்காது. மூடியில் சந்து வேண்டாம், இரவில் ஏறி வெளியே விழுந்தால் ஓடு நொறுங்கும். டைகர் பார்ப், பஃபர் மீன்களோடு சேர்க்காதீர்கள். பஃபர் நத்தையையே தின்னும். பார்ப் மூச்சுத்தூம்பையும் உணர்கொம்புகளையும் புழுவென்று கொத்தும். கடிபட்ட நத்தை உள்ளே சுருங்கி இரை எடுக்காமல் கிடக்கும். செம்பு கலந்த வெள்ளைப்புள்ளி மருந்தை இந்தத் தொட்டியில் ஊற்றவே கூடாது; மீன் பிழைக்கும், நத்தை சாகும்."

படித்தபோது தடுக்கவில்லை. 'மூச்சு' முன்னால் நிற்பதால் கழிவு நினைவு வரவில்லை. என் ஆட்சேபத்தைத் திரும்பப் பெறுகிறேன். 'மடற்குழல்' போட்டும் படித்தேன். ஒவ்வொரு முறையும் எந்த மடல் என்று நின்று யோசிக்க வைத்தது.

——

அம்மா, உங்கள் பத்தியிலேயே அடுத்த சிக்கல் ஒளிந்திருக்கிறது: மூடி. தொட்டியின் மேல்மூடியும் மூடி, நத்தை தன் வாசலை அடைத்துக்கொள்ளும் தகடும் மூடி. கையேட்டின் 4ஆம் பக்கத்தில் "மூடி தளர்ந்து திறந்தே கிடந்தால் நத்தை இறந்திருக்கலாம், முகர்ந்து பாருங்கள்" என்று இருக்கிறது. தொட்டி மூடியைத் திறந்து வைத்ததால் செத்தது என்றல்லவா படிப்பார்கள்!

பாடநூலில் இருந்து 'செவுள்மூடி'யை எடுக்க முடியாது, அது மீனுடையது. தகடு பாதத்தின் பின்பக்கத்தோடு ஒட்டியிருப்பது. உடல் உள்ளே போகும்போது கடைசியாக வந்து வாசலைச் சாத்துகிறது. அதனால் 'ஓட்டுக்கதவு'. பைலாவுக்குச் சுண்ணாம்புக் கதவு, பொமேசியாவுக்கு நகம் போன்ற கொம்புப்பொருள் கதவு என்று வேறுபடுத்தவும் வசதி.

——

மூச்சுத்தூம்பு, கழுத்துமடல், ஓட்டுக்கதவு மூன்றையும் ஏற்கிறேன். 4ஆம் பக்கம் இப்போது இப்படி:

"நத்தை ஒரே இடத்தில் கிடந்தால் உடனே எறியாதீர்கள். கையில் எடுத்து ஓட்டுக்கதவை விரலால் மெல்லத் தொடவும். இறுக்கிச் சாத்தினால் உயிரோடு இருக்கிறது. கதவு தொங்கி, அழுகல் நாற்றம் வந்தால் அப்போதே அகற்றிவிட்டுக் கால்பங்கு தண்ணீரை மாற்றவும். செத்த பெரிய நத்தை ஒன்று சிறு தொட்டியில் அம்மோனியாவை ஏற்றி மீன்களையும் கொன்றுவிடும்.

ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் ஊற்றினால் ஓட்டில் வெள்ளைக் குழிகள் விழும். பி.எச். 7க்குக் கீழே இறங்காமல் பார்த்து, கணவாய் ஓடு ஒரு துண்டு போட்டு வைக்கவும். அரித்த இடம் பழையபடி ஆகாது, புதிதாக வளரும் விளிம்புதான் திடமாக வரும்.

முட்டைக் கொத்து நீர்மட்டத்துக்கு மேலே கண்ணாடியில் ஒட்டியிருக்கும். குஞ்சு வேண்டுமென்றால் நீர்மட்டத்தை உயர்த்தாதீர்கள், மூழ்கினால் கரு சாகும். வேண்டாமென்றால் சுரண்டி நசுக்கிக் குப்பையில் போடவும். குளத்திலோ வாய்க்காலிலோ விடக் கூடாது: இதன் உறவான பொமேசியா கனாலிகுலேட்டா தென்கிழக்காசியாவில் நெல் நாற்றைத் தின்று தீர்க்கிறது, 2012இல் ஐரோப்பிய ஒன்றியம் இந்தப் பேரினம் முழுவதையுமே தடைசெய்தது."

வடிகுழாய்ப் பத்தியில் ஒரு வரி விட்டுப்போயிற்று: குஞ்சுகள் இருக்கும் மாதங்களில் குழாயின் உள்முனையில் கொசுவலைத் துணியை ரப்பர் பேண்டால் கட்டிக்கொள்ளவும்.